பிரெஞ்சிந்தியக் கதை – 12: மேயர் எதுவார் குபேர்

எதுவார் குபேர் 1894 ஜூலை 29 அன்று புதுச்சேரியில் பிறந்தார். பிரெஞ்சு வழியும் இந்திய வழியும் கலந்த குடும்பம். புதுச்சேரியில் இத்தகையவர்களைக் கிரியோல்கள் என்பார்கள். வீட்டில் பிரெஞ்சும் தெருவில் தமிழும் பேசி வளர்ந்த இந்தச் சிறு வகுப்பினர் பெரும்பாலும் நீதிமன்றம், கருவூலம், துறைமுகம், கல்வித் துறை ஆகியவற்றில் அலுவலர்களாக இருந்தார்கள். குபேரும் நீதிமன்ற அலுவலகப் பணியிலிருந்துதான் அரசியலுக்கு வந்தார். ஆட்சியாளர்களின் மொழியும் சட்டமும் அவருக்குக் கைவந்திருந்தன. கடைத்தெருவிலும் ஆலை வாசலிலும் பேசுவதற்குத் தமிழும் இருந்தது. பிற்காலத்தில் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினர், புதுச்சேரி மேயர், புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் என அவர் ஏறிய படிகள் எல்லாவற்றுக்கும் அடித்தளமாக இருந்தது பிரெஞ்சுக்காரர்கள் அங்கே விட்டுச்சென்ற மேயர் முறை. ஆகவே அதை முதலில் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மேயர் என்றால் மாநகராட்சிக்குத் தலைவர். தேனி அல்லிநகரம், பெரியகுளம், போடி, சின்னமனூர், கம்பம், கூடலூர் என்று தேனி மாவட்டத்தில் ஆறு நகராட்சிகள் உண்டு. எல்லாவற்றிலும் இருப்பவர் நகர்மன்றத் தலைவர்தான், மேயர் இல்லை. பிரெஞ்சு முறை வேறு. அங்கே உள்ளாட்சியின் அலகு 'கொம்யூன்'. பெரிய நகரமானாலும் நாலைந்து ஊர் சேர்ந்த வயற்காடானாலும் கொம்யூன் என்றால் அதற்கு ஒரு மன்றமும் ஒரு மேயரும் உண்டு. 1880 மார்ச் 12 ஆணையின்படி பிரெஞ்சிந்தியாவில் பத்துக் கொம்யூன்கள் அமைந்தன. 1907-இல் அவை பதினேழாகப் பிரிக்கப்பட்டன. புதுச்சேரிப் பகுதியில் மட்டும் எட்டு: புதுச்சேரி, உழவர்கரை, முதலியார்பேட்டை, அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், திருபுவனை. காரைக்காலில் ஆறு. மாஹே, ஏனாம், வங்கத்துச் சந்திரநாகூர் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. அல்லிநகரத்தைவிடச் சிறிய நெட்டப்பாக்கத்துக்கும் ஒரு மேயர் இருந்தார். இந்திய வரலாற்றில் அந்தச் சிற்றூர் மேயர்களுக்கு ஒரு பெரிய வேலை காத்திருந்தது.

மேயரின் அதிகாரம் தெருவிளக்கோடும் சாக்கடையோடும் முடிந்துவிடவில்லை. பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றும் அவருடைய அலுவலகப் பதிவேட்டில் ஏற வேண்டும். வாக்காளர் பட்டியலைத் தயாரிப்பதும் அதே அலுவலகம். வாக்களிக்கத் தேர்தல் அட்டை வேண்டும், அதைக் கொடுப்பதும் மேயரின் ஆட்கள். வாக்குச்சாவடியில் தலைமை மேசையில் உட்காருவதும் மேயர் அல்லது அவருடைய மன்ற உறுப்பினர். பிரான்சில் போட்டிக் கட்சிகளும் பத்திரிகைகளும் இதைக் கண்காணித்தன. புதுச்சேரியில் அந்தக் கண்காணிப்பு பலவீனமாக இருந்தது. அட்டை ஒருவர் கைக்குப் போய்ச் சேராவிட்டால் அவர் அன்று வாக்காளரே அல்ல. செத்தவர் பெயருக்கு வழங்கிய அட்டை யாரோ ஒருவர் கையில் உயிரோடு இருக்கும். நகர மன்றத்தைப் பிடித்தவர் அடுத்த தேர்தலையும் பிடிப்பார் என்பது புதுச்சேரியில் பள்ளிப் பையனுக்கும் தெரிந்த கணக்கு.

இந்தக் கணக்கு குபேருக்கு வெகு காலம் முன்பே நடைமுறையில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் சண்முக வேலாயுத முதலியார் இதே வழியில் புதுச்சேரி அரசியலைத் தன் பிடியில் வைத்திருந்தார். வாக்காளர்களும் ஒரே பட்டியலில் இல்லை. ஐரோப்பியரும் அவர்கள் வழிவந்தோரும் ஒரு பட்டியல், இந்தியர் இன்னொரு பட்டியல். சிலகாலம் மூன்று பட்டியலும் இருந்தது. சில நூறு பேர் கொண்ட ஐரோப்பியப் பட்டியலுக்கு அதன் எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவு இடங்கள் கிடைத்தன. 1908 முதல் 1928 வரை இருபது ஆண்டுகள் புதுச்சேரி மேயராக இருந்தவர் ஆன்ரி கெப்லே. அவர் ஒரு பஞ்சாலையின் உரிமையாளரும்கூட. ஆலை முதலாளியே நகரத் தந்தையாகவும் இருந்த ஊரில் தொழிலாளியின் குறை எந்த மேசைக்குப் போகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டத்திலிருந்துதான் வ. சுப்பையா என்ற கம்யூனிஸ்ட் தலைவர் எழுந்தார். குபேரின் அரசியல் வாழ்க்கை முழுவதும் அவருக்கு எதிர்முனையில் நின்றவர் அவர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பட்டியல் பிரிவினை ஒழிந்தது. ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. 1946 டிசம்பரில் நடந்த பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் கம்யூனிஸ்டுகளும் மற்றவர்களும் சேர்ந்த தேசிய ஜனநாயக முன்னணி 44 இடங்களில் 30-ஐப் பிடித்தது. 1947-இல் பிரிட்டிஷ் இந்தியா விடுதலை பெறும் நேரத்தில் அந்த முன்னணி உடைந்தது. உடைந்த பகுதியிலிருந்து உருவானது பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சி. அதன் முதன்மையான தலைவர் குபேர். கட்சியின் பெயர் சோஷலிஸ்ட் என்றாலும் அதன் உண்மையான கொள்கை ஒன்றுதான்: பிரெஞ்சு ஆட்சிக்குள்ளேயே விரிந்த உரிமைகளோடு புதுச்சேரி இருக்க வேண்டும். பிரெஞ்சு நிர்வாகத்துக்கு இது உகந்ததாக இருந்தது. சைகோனில் வேலை பார்த்தவர்கள், ஓய்வூதியம் வாங்கும் சொல்தாக்கள் (பிரெஞ்சுப் படைவீரர்கள்), அரசு அலுவலர்கள், கப்பல் வணிகர்கள் எனப் பிரான்சோடு பிழைப்பு பிணைந்திருந்த பலருக்கும் உகந்ததாக இருந்தது. இவர்களை வெறும் அடிவருடிகள் என்று தள்ளுவது எளிது. மூன்று தலைமுறையாக இந்தோசீனாவுக்கு ஆள் அனுப்பிய குடும்பங்களின் ஓய்வூதிய அச்சம் பொய்யல்ல.

1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. பிரெஞ்சிந்தியாவின் எதிர்காலத்தை மக்களே முடிவு செய்வார்கள், அந்த வாக்கெடுப்பு எப்போது எப்படி நடக்க வேண்டும் என்பதை நகர மன்றங்கள் முடிவு செய்யும் என்பது சாரம். ஒரு நிலப்பகுதி எந்த நாட்டுக்குச் சொந்தம் என்ற கேள்வி இப்படி மேயர்களின் மேசைக்கு வந்து சேர்ந்தது. 1948 அக்டோபரில் நடந்த நகர மன்றத் தேர்தலில் சோஷலிஸ்ட் கட்சி பெருவாரியாக வென்றது. அட்டை விநியோகத்திலிருந்து வாக்கு எண்ணிக்கை வரை முறைகேடு என்று இணைப்பு ஆதரவாளர்கள் குற்றம் சாட்டினார்கள். சந்திரநாகூரில் மட்டும் 1949 ஜூன் 19 அன்று வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவோடு சேர 7,473 பேரும் எதிராக 114 பேரும் வாக்களித்தார்கள். அந்த எண்களைப் பார்த்த பிறகு மற்ற இடங்களில் வாக்கெடுப்பு நடத்த யாருக்கும் அவசரமில்லை. புதுச்சேரியில் 1949 டிசம்பரில் நடக்க வேண்டியது தள்ளிப்போய், கடைசிவரை நடக்கவே இல்லை.

இடைப்பட்ட ஆண்டுகள் வன்முறையில் கழிந்தன. இணைப்புக் கூட்டங்கள் அடித்துக் கலைக்கப்பட்டன. 1950 ஜனவரியில் சுப்பையாவின் வீடு தீக்கிரையானது. அவரும் தோழர்களும் எல்லைக்கு அந்தப்பக்கம் இந்தியப் பகுதியில் தங்கி இயங்க வேண்டியதாயிற்று. சர்வதேச நீதிமன்றத்தின் வழியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நடுநிலைப் பார்வையாளர்கள் 1951-இன் தொடக்கத்தில் வந்து சுற்றிப் பார்த்தார்கள். வாக்காளர் பட்டியல்கள் நம்பத்தக்கவையாக இல்லை, நியாயமான வாக்கெடுப்புக்கான சூழல் இல்லை என்பதே அவர்கள் அறிக்கையின் போக்கு. அதே பட்டியல்களை வைத்துச் சில மாதங்களில், 1951 ஜூனில், பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. குபேர் நின்றார். பதவியில் இருந்த லாம்பேர் சரவணே எதிர்த்து நின்றார். பதிவான வாக்குகளில் ஏறத்தாழ முழுவதும் குபேருக்கே விழுந்தன. உண்மையான தேர்தலில் எந்தத் தலைவருக்கும் அப்படி விழுவதில்லை. தன் 56-ஆம் வயதில் அவர் பாரிஸ் நாடாளுமன்றத்தில் பிரெஞ்சிந்தியாவின் உறுப்பினராக உட்கார்ந்தார். உள்ளூரில் அரசாங்க ஆலோசனைக் குழுவும் நகர மன்றங்களும் அவருடைய கட்சியின் கையில் இருந்தன.

பணமும் அரசியலும் கலந்த காலம் அது. 1941 முதல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் பிரெஞ்சிந்தியாவுக்கும் இடையே சுங்க உடன்பாடு ஒன்று இருந்தது. 1949 ஏப்ரலில் இந்தியா அதை முடித்துக்கொண்டது. புதுச்சேரி திறந்த துறைமுகமானது. தங்கம், வைரம், கைக்கடிகாரம், வெளிநாட்டு மது ஆகியவை கப்பலில் வந்து இறங்கின. சுற்றிலும் இருந்த சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு. எல்லையோ நேர்க்கோடு அல்ல. பிரெஞ்சுக் கிராமமும் இந்தியக் கிராமமும் மாறி மாறிக் கிடந்தன, ஒரே வயலின் இரு வரப்புகள் இரண்டு நாடுகளில் இருந்தன. கடத்தல்காரனுக்கு இதைவிட வசதியான வரைபடம் கிடைக்காது. இந்திய அரசு சுங்கச் சாவடிகளையும் அனுமதிச் சீட்டு முறையையும் இறுக்கியது. அரிசி வாங்கப் போகிறவரும் உறவினர் வீட்டுத் துக்கத்துக்குப் போகிறவரும் வரிசையில் நின்றார்கள். சோஷலிஸ்ட் கட்சித் தலைவர்கள் கடத்தல் பணத்தில் பங்கு பெறுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு பரவலாக எழுந்தது. 1954-இன் தொடக்கத்தில் பிரெஞ்சு நிர்வாகம் குபேரின் பண விவகாரங்களை விசாரிக்கத் தொடங்கியது.

அதன் பிறகு நடந்தது விரைவாக நடந்தது. 1954 மார்ச் 18 அன்று ஆலோசகர்களும் புதுச்சேரிப் பகுதிக் கொம்யூன்களின் மேயர்களும் ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள்: வாக்கெடுப்பு எதுவும் இல்லாமல் உடனே இந்தியாவோடு இணைய வேண்டும். ஆறு ஆண்டு காலம் இணைப்பை எதிர்த்துக் கோட்டை கட்டியிருந்த அதே கட்சியின் அதே மனிதர்கள் ஒரே நாளில் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டார்கள். குபேரின் மனமாற்றத்துக்குக் காரணம் விசாரணைதானா, இந்தியாவின் பொருளாதார நெருக்கடியா, இந்தோசீனாவில் பிரான்ஸ் தோற்றுக்கொண்டிருப்பதைப் பாரிஸிலேயே உட்கார்ந்து பார்த்ததாலா என்று விவாதம் உண்டு. மூன்றும் சேர்ந்தே வேலை செய்திருக்க வேண்டும். ஆனால் காலப் பொருத்தத்தைப் பார்த்தால் விசாரணையின் பங்கைக் குறைத்துச் சொல்வது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது. இணைப்புக்காகத் தொடக்கத்திலிருந்தே அடியும் சிறையும் பட்டவர்கள் இந்தப் புதிய தோழரைக் கசப்போடுதான் ஏற்றார்கள்.

பிரெஞ்சு அதிகாரிகள் பணியவில்லை. நகரத்தில் இருந்தால் கைது என்ற நிலையில் குபேர் எல்லையோரக் கொம்யூனான நெட்டப்பாக்கத்துக்குப் போனார். மார்ச் 31 அன்று அவரும் முத்துப்பிள்ளை முதலிய தோழர்களும் அங்கிருந்த காவல் நிலையத்தைக் கைப்பற்றி இந்தியக் கொடியை ஏற்றினார்கள். குபேருக்கு அப்போது வயது 59. விடுவிக்கப்பட்ட பிரெஞ்சிந்தியாவின் தற்காலிக அரசு அங்கிருந்து இயங்குவதாக அறிவிக்கப்பட்டது. நெட்டப்பாக்கம் மூன்று பக்கமும் இந்தியப் பகுதி சூழ்ந்த ஊர் என்பதால் பிரெஞ்சுப் படை அங்கே வந்து சேருவது எளிதல்ல. அடுத்த வாரங்களில் மற்ற எல்லையோர ஊர்களும் கைமாறின. ஜூனில் ஏனாம், ஜூலையில் மாஹே. மே 7 அன்று வியட்நாமில் தியேன் பியேன் பூ கோட்டை வீழ்ந்திருந்தது. ஜூனில் பிரதமரான பியேர் மாந்தேஸ் பிரான்ஸ் ஆசியாவில் இன்னொரு சண்டையை விரும்பவில்லை.

1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிக்கு மேற்கே உள்ள கீழூர் என்ற சிற்றூரில் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் நகர மன்ற உறுப்பினர்களும் கூடினார்கள். மொத்தம் 178 பேர். இணைப்புக்கு ஆதரவாக 170 பேர், எதிராக 8 பேர் வாக்களித்தார்கள். பொது மக்கள் யாருக்கும் அன்று வாக்கு இல்லை. 1948-இல் எந்த மன்றங்களின் கையில் இந்தக் கேள்வி ஒப்படைக்கப்பட்டதோ, அந்த மன்றங்களின் மனிதர்கள்தான் அதற்கு விடையும் எழுதினார்கள். விடை மக்கள் விரும்பியதுதான் என்பதில் பெரிய ஐயம் இல்லை. ஆனாலும் பட்டியலும் அட்டையும் குறித்து இந்தியா எழுப்பிய அத்தனை கேள்விகளும், அந்த உறுப்பினர்கள் பக்கம் மாறிய பிறகு யாராலும் கேட்கப்படவில்லை. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. புதுச்சேரியில் இந்தியக் கான்சல் ஜெனரலாக இருந்த கேவல் சிங் முதல் தலைமை ஆணையரானார்.

சட்டப்படியான ஒப்படைப்புக்கு இன்னும் எட்டு ஆண்டுகள் பிடித்தன. 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்துக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் அல்ஜீரியப் போர் முடிந்த பிறகே ஒப்புதல் தந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அந்த ஒப்பந்தத்தில் ஒரு முக்கியமான உறுதி இருந்தது: 1954-க்கு முன்பிருந்த தனி நிர்வாக முறை தொடரும், மக்களின் விருப்பமறியாமல் மாற்றப்படாது. அதனால் கொம்யூன்களும் மேயர்களும் இந்திய ஆட்சியிலும் பிழைத்தார்கள். இணைப்புக்குப் பின் காங்கிரசில் சேர்ந்த குபேர் 1960-களின் தொடக்கத்தில் புதுச்சேரி மேயராக இருந்தார். மூவண்ணக் கொடியின் கீழ் பிரெஞ்சுச் சட்டப்படி நகரத்தை நடத்திய மேயர் என்ற வினோதமான பதவி அது.

அவருடைய அலுவலகம் கடற்கரைச் சாலையில் இருந்த நகர மண்டபம். 1870-71-இல் கட்டிய அந்த வெள்ளை மாளிகையைப் புதுச்சேரிக்காரர்கள் 'மேரி கட்டடம்' என்பார்கள். சன்னலைத் திறந்தால் வங்கக் கடல். பக்கத்தில் 1836-இல் எழுப்பிய பழைய கலங்கரை விளக்கம். 1866-இன் பழைய இரும்புப் பாலத்தை 1952 புயல் கொண்டுபோயிருந்தது. அதற்குப் பதிலாகத் தெற்கே புதிய பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. துறைமுக நகரமாக இருந்த புதுச்சேரி, கப்பல் குறைந்து, காற்று வாங்க வருகிறவர்களின் ஊராக மாறத் தொடங்கிய காலம் குபேர் மேயராக இருந்த காலத்தோடு ஒட்டியே வருகிறது. அந்த மாற்றத்தை யாரும் திட்டமிட்டதாகச் சொல்ல முடியாது. சுங்க எல்லை மறைந்ததும் திறந்த துறைமுகத்தின் வாணிபம் போயிற்று. மிஞ்சியது கடற்கரையும் பிரெஞ்சுத் தெருக்களும்.

1963-இல் ஒன்றியப் பகுதிகளுக்கான சட்டம் வந்தது. ஜூலை 1 அன்று பிரதிநிதிகள் சபை சட்டமன்றமாக மாறியது. குபேர் முதல் முதலமைச்சரானார். பதவி ஓராண்டைத் தாண்டிச் சில வாரங்களே நீடித்தது. காங்கிரசுக்குள் அவருக்கும் வெங்கடசுப்பா ரெட்டியாருக்கும் போட்டி. ரெட்டியாரின் செல்வாக்கு நெட்டப்பாக்கம் பக்கத்து நிலக்கிழார்களிடமும் விவசாயிகளிடமும் இருந்தது. குபேரின் பலம் நகரத்து அலுவலகங்களில் இருந்தது. 1964 தேர்தலில் காங்கிரஸ் மொத்தம் 30 இடங்களில் 22-ஐ வென்றது. முதலமைச்சர் பதவி ரெட்டியாருக்குப் போயிற்று. அவருடைய மகன் வைத்திலிங்கமும் பின்னாளில் முதலமைச்சரானார். குபேருக்கு அதன் பிறகு பழைய செல்வாக்கு திரும்பவில்லை. அட்டையும் பட்டியலும் மேயரின் கையை விட்டு இந்தியத் தேர்தல் ஆணையத்திடம் போன பிறகு, அவருக்குத் தெரிந்த ஆட்டத்தின் களமே இல்லாமல் போயிருந்தது. 1979 ஆகஸ்ட் 14 அன்று தன் 85-ஆம் வயதில் அவர் காலமானார்.

பிரெஞ்சுக் காலத்தில் 'கூர் ஷப்ரோல்' என்று அழைக்கப்பட்ட கடற்கரைச் சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள குபேர் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வாகனம் ஓடாது. காந்தி சிலையிலிருந்து முதல் உலகப் போர் நினைவுச் சின்னம் வரை மக்கள் நடக்கிறார்கள். நேரு வீதியில் இருக்கும் பெரிய மார்க்கெட்டுக்கும் அவர் பெயர்தான். 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் கட்டியபின் வடக்கே மணல் வந்து சேரவில்லை. குபேர் சாலையின் முன்னால் இருந்த மணற்பரப்பு போய்க் கருங்கற்கள் வந்தன. அண்மை ஆண்டுகளில் கடலுக்குள் அமைத்த தடுப்பால் ஒரு பகுதியில் மணல் திரும்பியிருக்கிறது. மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள்.

மேயர் பதவி அதற்கு வெகு முன்பே போய்விட்டது. 1973-இல் இயற்றிய நகராட்சிச் சட்டமும் கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டமும் 1974 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தன. பிரெஞ்சு முறையில் நடந்த கடைசி நகர மன்றத் தேர்தல் 1968-இல். அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் புதுச்சேரி மக்கள் 38 ஆண்டுகள் காத்திருந்தார்கள். அது 2006-இல் நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தது.

(தொடரும்)